புல்தீயும் இடிமழையும் ஒரே நாளில்: மேற்கு கான்சாஸ் வானிலை அறிவிப்பை எப்படிப் படிப்பது?

கேள்வி கேட்ட நண்பர் சொன்ன விவரம் இது. மனைவிக்கு மருத்துவமனையில் வேலை கிடைத்து, பிப்ரவரியில் இருவரும் மேற்கு கான்சாஸுக்குக் குடிவந்திருக்கிறார்கள். ஊரிலிருந்து 6 மைல் தள்ளி, மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் ஒரு பழைய பண்ணை வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். வானிலை அலுவலகம் வெளியிட்ட அபாய முன்னறிவிப்பில், வியாழன் பகலில் மேற்குப் பாதிக்கு ரெட் ஃப்ளாக் எச்சரிக்கை (தீ வேகமாகப் பரவும் சூழலுக்கானது), மாலையில் கிழக்குப் பாதிக்குக் கடும் இடிமழை, இரவு 8 மணிக்கு மேல் குளிர்முனை (குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு), வார இறுதியில் மறுபடியும் இடிமழை என்று போட்டிருக்கிறது. அவர்களுடைய கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) இரண்டுக்கும் நடுவில். "ஒரே நாளில் தீயும் மழையுமா? எதற்குத் தயாராவது? மனைவி வேலை முடிந்து இரவு 7 மணிக்குத்தான் கிளம்புவார், 30 மைல் ஓட்டி வர வேண்டும்" என்று கேட்டிருக்கிறார்.

இரண்டுக்கும் தயாராகுங்கள். நான் டாட்ஜ் சிட்டிக்குத் தெற்கே பயிர் ஆலோசகராக 13 வருடங்களாக இருக்கிறேன். வேலையே வயலில் என்பதால் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் நான் வண்டியை எடுப்பதில்லை. அதில் எல்லோரும் வண்ணத்தையும் சதவீதத்தையும் பார்ப்பார்கள். நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: காற்று எத்தனை மணிக்குத் திசை மாறும்? உங்கள் வியாழக்கிழமைக்கான பதில் பெரும்பாலும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

இந்தச் சமவெளி பார்வைக்குத்தான் தட்டை. மேற்கே போகப்போக நிலம் மெல்ல ஏறிக்கொண்டே போகும். டாட்ஜ் சிட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,500 அடி. கொலராடோ எல்லைக்குப் பக்கத்திலுள்ள குட்லேண்ட் 3,600 அடிக்கு மேல். தென்கிழக்கிலிருந்து மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று இந்தச் சரிவில் ஏறி வருகிறது. தென்மேற்கிலிருந்து பாலைவன மேட்டுநிலத்தின் உலர்ந்த காற்று இறங்கி வருகிறது. இரண்டும் முட்டிக்கொள்ளும் எல்லையை இங்கே டிரைலைன் என்பார்கள். வசந்த காலத்தில் அது பகலில் கிழக்கே நகரும், மாலையில் பெரும்பாலும் பின்வாங்கும். கோட்டுக்குக் கிழக்கே சட்டை முதுகில் ஒட்டும். மேற்கே அரை மணி நேரம் வண்டி ஓட்டினால் உதடு வெடிக்கும். கிழக்குப் பக்கத்து ஈரம் இடிமேகமாக எழும்புகிறது, மேற்குப் பக்கத்து வறட்சி புல்லைத் திரியாக்குகிறது. உங்கள் கவுன்டி நடுவில் இருக்கிறது என்றால், அந்தக் கோடு உங்கள் தலைக்கு மேலேயே போகப் போகிறது என்று அர்த்தம். மதியம் நீங்கள் தீப்பக்கத்தில் இருப்பீர்கள், மாலையில் எந்தப் பக்கம் என்பதைக் காற்று முடிவு செய்யும்.

ரெட் ஃப்ளாக் எச்சரிக்கைக்கு அளவுகோல் அலுவலகத்துக்கு அலுவலகம் கொஞ்சம் மாறும். இந்தப் பக்கம் பொதுவாக ஈரப்பதம் 15 சதவீதம் அல்லது அதற்குக் கீழ், காற்று மணிக்கு 20 மைலுக்கு மேல், தரையில் காய்ந்த புல், இவை மூன்றும் சேர்ந்தால் கொடுப்பார்கள். புல்லைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மரக்கட்டை காய வாரக்கணக்காகும், மெல்லிய புல்லுக்கு ஒரு மணி நேரம் போதும். காலையில் பனித்துளியோடு நிற்கிற புல் மதியம் 2 மணிக்குக் காகிதம் மாதிரி எரியும். காலை 40 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 70 சதவீதமாக இருந்த ஈரப்பதம், வெயில் ஏறி 80 டிகிரி ஆகும்போது 15-ஐத் தொட்டுவிடும். "போன வாரம்தானே மழை பெய்தது" என்று பக்கத்தில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மழை பெய்த வருடத்தில்தான் புல் இடுப்பளவு வளர்ந்து, குளிர்காலம் முழுக்கக் காய்ந்து நிற்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, புதுப்புல் பச்சை கட்டும் வரைக்கும், ஆபத்தான காலம்.

இப்போது காற்றுத் திருப்பத்துக்கு வருகிறேன். பகல் முழுக்கத் தென்மேற்குக் காற்று அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கோ பற்றிய தீ வடகிழக்கு நோக்கி நீளமாக, ஒடுக்கமாக ஓடும், வீசியெறிந்த கயிறு மாதிரி. அதன் தலை, அதாவது முன்னேறும் முகப்பு, மூன்று மைல் அகலம் இருக்கலாம், பக்கவாட்டு நீளம் முப்பது மைல் இருக்கலாம். குளிர்முனை வந்ததும் காற்று வடக்குக்குத் திரும்பும். அந்த நிமிடமே முப்பது மைல் பக்கவாட்டு முழுவதும் தலையாகி, தெற்கே பாயத் தொடங்கும். மதியம் பாதுகாப்பாக இருந்த தெற்குப் பக்கத்துக்காரர்கள் இரவில் தீயின் எதிரே நிற்பார்கள்.

2024 பிப்ரவரி 26 அன்று டெக்சஸின் வடக்குப் பகுதியான பான்ஹேண்டிலில் ஸ்டின்னெட் அருகே தொடங்கிய ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ இதைத்தான் செய்தது. முதலில் கிழக்கே ஓடியது. மறுநாள் குளிர்முனை வந்து காற்று வடக்கானதும் தெற்கே விரிந்தது. 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது, இரண்டு பேர் உயிரிழந்தார்கள், ஆயிரக்கணக்கான மாடுகள் மாண்டன. டெக்சஸ் வரலாற்றில் அதைவிடப் பெரிய தீ பதிவாகவில்லை.

எங்கள் பக்கம் மறக்க முடியாதது 2017 மார்ச் 6. ஓக்லஹோமாவில் தொடங்கிய ஸ்டார்பக் தீ எல்லை தாண்டி கிளார்க் கவுன்டிக்குள் வந்தது. ஆஷ்லண்ட், எங்கிள்வுட் மக்கள் வெளியேற வேண்டியிருந்தது. அன்று மதியம் நான் ஒரு கோதுமை வயலில் இருந்தேன். தெற்கே அடிவானம் பழுப்பாக எழும்பியதைப் பார்த்துப் புழுதி என்றுதான் நினைத்தேன். பக்கத்து நிலத்துக்காரர், எழுபது வயதிருக்கும், ஒன்றும் சொல்லாமல் டிராக்டரில் சட்டிக் கலப்பையை மாட்டினார். வேலியை ஒட்டி மேய்ச்சல் நிலத்தில் நாலு சால் ஓட்டி மண்ணைப் புரட்டிவிட்டார். அப்புறம் மாடுகளைப் பச்சைக் கோதுமைக்குள் ஓட்டினார். பயிர் போகுமே என்று நான் கேட்டதற்கு, "கோதுமை அடுத்த வருடமும் முளைக்கும்" என்றார். மறுநாள் அந்த வழியாகப் போனேன். சாலையின் ஒரு பக்கம் கரி, கம்பி வேலியில் கம்பி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது, மரக்கால்களைக் காணோம். கரியின் மேல் காய்ந்த சாணி உருண்டைகள் இன்னும் உள்ளே கனிந்துகொண்டிருந்தன. காற்று அடித்தபோது ஒன்று பொறியோடு உருண்டு சாலையைக் கடந்தது. சாலை அகலமாக இருப்பதால் தீ தாண்டாது என்று எண்ணுபவர்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். இன்றும் நாளையும் காற்று அமைதியாக இருக்கும்போது செய்ய வேண்டியவை இவை. சுவர் ஓரத்திலும் தாழ்வாரத்துக்கு அடியிலும் காற்று கொண்டுவந்து குவித்த டம்பிள்வீட் முட்செடிகளை முதலில் அகற்றுங்கள். குடிவந்து இரண்டு மாதம் என்றால் வடக்குச் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குச் சேர்ந்திருக்கும், "அது எப்போதும் அங்கேதான் இருக்கும்" என்று விட்டிருப்பீர்கள். தீப்பொறிக்கு அதைவிட நல்ல கூடு கிடையாது. புரோபேன் எரிவாயுத் தொட்டியைச் சுற்றிப் பத்தடிக்குப் புல் இல்லாமல் வெட்டிவிடுங்கள். கூரையோர மழைநீர்க் கால்வாயில் கிடக்கும் சருகு, கதவோரக் கயிற்று மிதியடி, சுவரில் சாய்த்த விறகு எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். புல் வெட்டுவதை இன்றே முடியுங்கள். வியாழன் மதியம் புல்வெட்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். கத்தி கல்லில் பட்டுத் தெறிக்கும் ஒரு பொறி போதும். குப்பை எரிக்கும் டிரம்மில் போன வாரம் எரித்த சாம்பல் இருந்தால் தண்ணீர் ஊற்றிக் கிளறிவிடுங்கள். அடியில் பல நாள் கனல் இருக்கும். வண்டியைக் காய்ந்த புல்லின் மேல் நிறுத்தாதீர்கள், அடியிலிருக்கும் புகைக்குழாயின் சூடு பற்ற வைத்துவிடும்.

ஊருக்குள் குடியிருந்து பழகியவர்களுக்குத் தோன்றாத ஒன்று: உங்கள் வீட்டுத் தண்ணீர் கிணற்று மோட்டாரிலிருந்து வருகிறது. தீ வந்தாலோ காற்றில் கம்பம் சாய்ந்தாலோ முதலில் போவது மின்சாரம். அதோடு குழாயும் நின்றுவிடும். தோட்டத்து ஹோஸை நம்பி வீட்டில் நிற்கலாம் என்ற யோசனையே வேண்டாம். கராஜ் கதவும் மின்சாரத்தில்தான் திறக்கும், கையால் விடுவிக்கும் சிவப்புக் கயிறு எங்கே தொங்குகிறது என்று இன்றே இருவரும் இழுத்துப் பாருங்கள். பாஸ்போர்ட், விசா காகிதங்கள், மருந்து, இரண்டு நாள் துணி ஒரு பையில் போட்டு வண்டியில் வைத்துவிடுங்கள். வண்டி சாலையைப் பார்த்து நிற்கட்டும், டேங்க் நிறைந்திருக்கட்டும்.

வெளியேறச் சொன்னால், அல்லது சொல்வதற்கு முன்பே புகை உங்கள் பக்கம் சாய்ந்தால், கிளம்பிவிடுங்கள். இங்கே சாலைகள் பெரும்பாலும் மைலுக்கு ஒன்றாகக் கட்டம் போட்டிருக்கும். அது ஒரு வரம். காற்று போகும் திசையில் தீக்கு முன்னால் ஓடாதீர்கள், காற்றுக்குக் குறுக்கே ஓட்டி அதன் பாதையை விட்டு விலகுங்கள். அப்படி விலகும்போதும் குளிர்முனை நேரத்தை மனதில் வையுங்கள். இரவு 8 மணிக்குக் காற்று வடக்காகும் என்றால், 7 மணிக்குத் தீயின் தெற்குப் பக்கம் போய் ஒதுங்குவது தவறு. எங்கும் போக முடியாமல் மாட்டிக்கொண்டால், ஏற்கெனவே எரிந்து கருகிய நிலம், உழுத நிலம், பச்சைக் கோதுமை வயல் இவற்றில் ஒன்றுக்குள் வண்டியை விட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே குனிந்திருங்கள். புல்தீயின் முகப்பு ஓரிடத்தில் அதிக நேரம் நிற்காது. இன்றைக்கே வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டி, பக்கத்தில் பச்சை வயல் எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். புகையைப் பார்த்து 911 கூப்பிட்டால் "வீட்டுக்குப் பின்னால்" என்று சொல்லிப் பயனில்லை. எந்தக் கவுன்டி, எந்த இரண்டு சாலைகள் சந்திக்கும் இடம் என்று சொல்ல வேண்டும். வருவது பெரும்பாலும் தன்னார்வத் தீயணைப்புக்காரர்கள்தான், விதைப்பை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பி வருவார்கள். அவர்களுடைய பத்து நிமிடத்தை மிச்சப்படுத்துவது பெரிய உதவி.

இடிமழைப் பகுதிக்கு வருகிறேன். அறிவிப்பில் வாட்ச், வார்னிங் என்று இரண்டு சொல் வரும். வாட்ச் என்றால் சூழல் கூடியிருக்கிறது, பல கவுன்டிகளுக்கு, சில மணி நேரத்துக்கு. அதை ஓக்லஹோமாவின் நார்மனில் உள்ள புயல் முன்னறிவிப்பு மையம் கொடுக்கும். வார்னிங் என்றால் ரேடாரிலோ கண்ணாலோ பார்த்துவிட்டார்கள், வந்துகொண்டிருக்கிறது. அதை டாட்ஜ் சிட்டி, குட்லேண்ட் போன்ற உள்ளூர் அலுவலகம் கொடுக்கும். அந்த மையம் முந்தைய நாட்களிலேயே வெளியிடும் வரைபடத்தில் ஐந்து படிகள் உண்டு: மார்ஜினல், ஸ்லைட், என்ஹான்ஸ்ட், மாடரேட், ஹை. 'ஸ்லைட்' என்ற சொல்லைப் பார்த்து "லேசானதுதான்" என்று நினைத்து இங்கே கார் கண்ணாடியை இழந்தவர்கள் ஏராளம். அந்தச் சொல், புயல் எத்தனை இடங்களைத் தொடக்கூடும் என்பதைத்தான் சொல்கிறது. தொட்ட இடத்தில் அடி லேசாக இருக்காது. அப்புறம் நேரக் குழப்பம். அறிவிப்பின் மூலப் பிரதியில் 00 இசட் வெள்ளி (இசட் என்பது கிரீன்விச் நேரம்) என்று இருந்தால் நம் மத்திய கோடை நேரப்படி வியாழன் மாலை 7 மணி. நான் முதல் வருடம் இதைத் தவறாகப் படித்து ஒரு நாள் தாமதமாகத் தயாரானேன்.

கடும் இடிமழை என்று அவர்கள் பெயர் சூட்ட ஓர் அங்குல ஆலங்கட்டி அல்லது மணிக்கு 58 மைல் காற்று இருக்க வேண்டும். ஓர் அங்குலம் என்பது நம் பெரிய நெல்லிக்காய். எச்சரிக்கையின் கீழே 'டிஸ்ட்ரக்டிவ்' என்று இருந்தால் பேஸ்பால் அளவுக் கட்டி, அதாவது 2.75 அங்குலம், அல்லது 80 மைல் காற்று. அந்த வகைக்குக் கைபேசி தானாகவே அலறும். மற்ற இடிமழை எச்சரிக்கைகளுக்கு அலறாது. அதனால்தான் ஒரு வானிலை ரேடியோ வாங்குங்கள் என்கிறேன். உங்கள் கவுன்டியின் குறியீட்டைப் போட்டுப் படுக்கையறையில் வையுங்கள், பேட்டரியோடு. ஊர்ச் சங்கு வெளியில் நிற்பவர்களுக்காக வைத்தது. 6 மைல் தள்ளி, அதுவும் வீட்டுக்குள், உங்களுக்குக் கேட்காது.

டிரைலைனை ஒட்டி எழும் மேகங்களில் மழை குறைவாகவும் ஆலங்கட்டி பெரிதாகவும் இருப்பதுண்டு. மழை இல்லையே என்று வெளியே நின்று வேடிக்கை பார்க்கத் தோன்றும். ஒரு மே மாதம் நான் அப்படி நின்றேன். காற்று சட்டென்று நின்றது. பச்சைப் பயிரைக் கசக்கிய வாசனை வந்தது, மழைக்கு முன் வரும் மண்வாசனை இல்லை அது. அரை மைல் மேற்கே ஆலங்கட்டி ஏற்கெனவே கோதுமையை அடித்துக்கொண்டிருந்த வாசனை. வண்டிக்குள் ஏறுவதற்குள் முதல் கட்டி விழுந்து மண்ணில் புதைந்தது. பத்து நிமிடத்தில் முடிந்தது. கதிர் வந்திருந்த 160 ஏக்கர் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. கட்டி எவ்வளவு பெரிதாகலாம் என்றால், தெற்கு டகோட்டாவின் விவியனில் 2010 ஜூலை 23 அன்று விழுந்த கட்டி 8 அங்குல விட்டம், கிட்டத்தட்ட 880 கிராம். வாசனை வந்தால் உள்ளே போங்கள், ஜன்னலை விட்டு விலகியிருங்கள்.

மழை தரைக்கு வருவதற்குள் ஆவியாகிவிடும் மேகங்கள் இன்னொரு வகை. கீழே வாலாகத் தொங்கும், நிலத்தைத் தொடாது. அந்த ஆவியாதலில் குளிர்ந்த காற்று கனத்து, தரையில் மோதி, நாலாபுறமும் சிதறும். மின்னலும் விழும், நனைக்க மழை இருக்காது. தீப்பக்கமும் இடிப்பக்கமும் கைகோக்கும் இடம் இதுதான். மின்னல் பற்ற வைக்கும், அந்தச் சிதறல் காற்று எந்தத் திசையிலும் தள்ளும். பகலில் எங்காவது புல்தீ இருந்து, பக்கத்தில் இப்படி ஒரு மேகம் வந்தால், குளிர்முனைக்குக் காத்திருக்காமல் அப்போதே காற்று திரும்பக்கூடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பர் 15 அன்று, வசந்தமே இல்லாத மாதத்தில், இடிமழை வரிசையும் புழுதியும் கான்சாஸைக் கடந்தன. ரஸல் விமான நிலையத்தில் மணிக்கு 100 மைல் காற்று பதிவானது. அதே நாளில் ரஸல் உள்ளிட்ட நான்கு கவுன்டிகளில் புல்தீ 1 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது.

டொர்னேடோ என்ற சுழல்காற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் ஊர்ப் புயலைப் பற்றிச் சில நாள் முன்பே எச்சரிக்கை வந்துவிடும். இதற்கு நிமிடங்கள்தான். டாட்ஜ் சிட்டிக்குக் கிழக்கே கிரீன்ஸ்பர்க் ஊரை 2007 மே 4 இரவு அப்படி ஒன்று கிட்டத்தட்ட முழுதாகத் துடைத்தது. உங்கள் வீட்டில் ஒதுங்குவதற்கு நிலத்தடி அறை (பேஸ்மென்ட்) இருக்கிறதா, அதன் கதவு உள்ளிருந்து திறக்கிறதா, வெளியிலிருந்து மட்டுமா என்று இன்று பாருங்கள். பழைய பண்ணை வீடுகளில் பல வெளியிலிருந்துதான் திறக்கும், அதன் மேல் எதையாவது அடுக்கியிருப்பார்கள். அதற்குள் செருப்பு இல்லாமல் ஓடாதீர்கள். ஷூ, டார்ச், ஹெல்மெட் இருந்தால் அதுவும், படியருகே இருக்கட்டும்.

இனி உங்கள் மனைவியின் பயணம். எனக்கு அதுதான் அதிகக் கவலை. வியாழன் மாலை 7 மணி என்றால் டிரைலைன் பின்வாங்கும் நேரம், குளிர்முனை வரும் நேரம், புகையோ புழுதியோ சாலையில் கிடக்கும் நேரம். 2025 மார்ச் 14 அன்று குட்லேண்ட் அருகே ஐ-70 நெடுஞ்சாலையில் புழுதியில் 70க்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றோடொன்று மோதி 8 பேர் உயிரிழந்தார்கள். எதிரே பழுப்புச் சுவர் தெரிந்தால் அதற்குள் நுழையாமல் முந்தைய சந்திப்பிலேயே திரும்பிவிட வேண்டும். நுழைந்துவிட்டால் சாலையை விட்டு முடிந்தவரை விலகி நிறுத்தி, எல்லா விளக்கையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதைச் சாலை என்று நினைத்துத் தொடர்ந்து வந்து மோதுவார். ஆலங்கட்டியோ டொர்னேடோவோ வந்தால் பாலத்துக்கு அடியில் ஒதுங்கக் கூடாது, அங்கே காற்று இன்னும் வேகமெடுக்கும்.

முடிந்தால் வியாழன் இரவு அவர் மருத்துவமனையிலேயே, அல்லது ஊருக்குள் தெரிந்தவர் வீட்டில், தங்கிவிடட்டும். மேலதிகாரியிடம் கேட்கத் தயங்க வேண்டாம், இங்குள்ளவர்கள் யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீங்களும் மாலை 4 மணிக்கே கிளம்பி அங்கே போய்விடுவது இன்னும் நல்லது. கிளம்பும் முன் வீட்டுச் சொந்தக்காரரை அழைத்து, வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அவர் மாடுகளை நகர்த்த வந்தால் எந்தக் கேட்டைத் திறக்கலாம் என்று அவருக்கே தெரியும், நீங்களாகத் திறந்துவிட்டு மாடு நெடுஞ்சாலைக்கு வந்துவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை காலை திரும்பும்போது வடக்குக் காற்று இன்னும் பலமாக இருக்கும். சாலையோரம் எங்காவது புகை தெரிந்தால், அணைந்துவிட்டது என்று நினைக்காமல் அந்த இரண்டு சாலைகளின் பெயரைச் சொல்லி 911-க்குத் தகவல் கொடுங்கள்.